கரையானை வீட்டுக்கு அழைத்தது யார்?

தாமான் வீடுகளில் குடியிருப்போருக்கு இது பழகிய காட்சி. கதவு நிலையை விரலால் தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலிக்கும். சுவரோரம் மண்கோடு ஒன்று மெல்ல ஏறிப் போகும். முப்பது ஆண்டுகள் கடன் கட்ட வேண்டிய வீடு கண்ணெதிரே அரிக்கப்படும்போது கரையான்மீது கோபம் வருவது இயல்புதான். ஆனால், அதை வாசல்வரை அழைத்து வந்தது யார்?

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போய் வட்டாரத்தில் இன்று வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. ஜொகூர் நிலத்தின் பழைய கதையோ வேறு. 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டி மிளகும் காம்பிரும் பயிரிட்டார்கள். காம்பிர் இலையைக் காய்ச்சும் அடுப்புக்கும் காட்டு மரமே விறகானது. 20ஆம் நூற்றாண்டில் ரப்பர் தோட்டங்கள் பரவின. நம் முன்னோர் பால் வெட்டிய காலம் அது. பின்னர் செம்பனை வந்தது. மேலே நிலம் மாற மாற, மண்ணுக்கு அடியில் கரையான் கூட்டமும் மாறியது.

கரையான் என்றாலே மரத்தை அரிப்பது என்று நினைக்கிறோம். உலகில் சுமார் 3,000 வகைக் கரையான்கள் உண்டு. அவற்றுள் கட்டடங்களுக்குக் கேடு செய்பவை மிகச் சிலவே. பல வகைகள் உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் உண்கின்றன. இன்னும் சில மண்ணையே தின்று, அதில் கலந்துள்ள மக்கில் உயிர் வாழ்கின்றன. இவை குடைந்த வழிகளில்தான் காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்குகின்றன. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள்.

காடு அழிந்ததும் முதலில் மறைவது இந்த மண் தின்னிகள்தான். அவற்றின் உடல் மென்மையானது. நிழல் போனால் மண் சூடாகிக் காய்கிறது, மண்வாரி இயந்திரம் ஏறினால் இறுகுகிறது, மக்கும் குறைகிறது. பிறகு அவற்றுக்கு உணவு ஏது, இருப்பிடம் ஏது?

பக்கத்து சுமத்ராவின் ஜாம்பி பகுதியில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அங்கு இயற்கைக் காட்டில் 34 வகைக் கரையான்கள் இருந்தன. மரவள்ளித் தோட்டத்தில் கிடைத்ததோ ஒரே ஒரு வகை!

எஞ்சுபவை எவை? மரம் தின்னும் சில முரட்டு வகைகள். கொப்டோடெர்மஸ் இனம் அவற்றில் முக்கியமானது. மண்ணுக்குள் புதைந்த அடிக்கட்டையும் ஈரமும் கிடைத்தால் அதற்குப் போதும். மண்குழாய் கட்டி, வெளிச்சம் படாமலே சுவரேறிவிடும். கரிச்சதுப்பு நிலத்தில் இதன் தொல்லை இன்னும் அதிகம். அங்கே காட்டை வெட்டிய பிறகும் மரத்துண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றில் பெருகும் கரையான், உயிருள்ள செம்பனையையும் தாக்குகிறது.

அப்படியானால் எல்லாக் கரையானையும் ஒழித்துவிடலாமா? சபாவின் மாலியாவ் காட்டில் 2015-16 வறட்சியின்போது செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. கரையான்களைக் குறைத்த இடங்களைவிட, அவை இருந்த இடங்களில் மண் ஈரம் கூடுதலாக இருந்தது. நாற்றுகளும் கூடுதலாகப் பிழைத்தன.

எனவே வீட்டைக் காப்பதும் மண்ணைக் காப்பதும் பகையல்ல. அடித்தளம் போடும் முன் அடிக்கட்டைகளையும் பலகைத் துண்டுகளையும் அகற்றச் சொல்லுங்கள். வீடு கட்டியபின் சுவரோரம் மரச்சாமான்களைக் குவிக்காதீர்கள். ஒழுகும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். மருந்து தேவையென்றால் வீட்டைச் சுற்றி மட்டும் முறையாக அடியுங்கள். தாமானில் மிஞ்சியிருக்கும் மர நிழலையும் அதன் கீழ் மக்கும் இலைகளையும் விட்டு வையுங்கள்.

கரையான் நம் வீடு தேடி வரவில்லை. அதன் வீட்டின்மீதுதான் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.