எக்ஸ்-பிளேன் நீட்சிகள்

எக்ஸ்-பிளேன் நீட்சிகள் என்பவை, எக்ஸ்-பிளேன் என்னும் பறப்புப் பாவனை மென்பொருளுடன் பயனர்கள் தாமே சேர்த்துக்கொள்ளும் வானூர்திகள், விமான நிலையங்கள், நிலக்காட்சிகள், செருகிகள் முதலியவை ஆகும். இவற்றுட் பல ஆர்வலர்களால் உருவாக்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுகின்றன. சில விலைக்கு விற்கப்படுகின்றன. ஒரு நீட்சி இயங்குவதும் இயங்காமற் போவதும் பெரும்பாலும் அதன் கோப்புறை எங்கே வைக்கப்பட்டுள்ளது, எந்த வரிசையில் ஏற்றப்படுகிறது என்னும் இரண்டையும் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, கோப்புறை அமைப்பை விளங்கிக்கொண்டவர் பெரும்பாலான வழுக்களை, மென்பொருள் முழுவதையும் நீக்கி மீண்டும் நிறுவாமலே களைந்துவிட முடியும்.

பின்னணி

எக்ஸ்-பிளேனை ஆஸ்டின் மேயர் உருவாக்கினார். அதன் முதற் பதிப்பு 1995 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் நிறுவிய லாமினார் ரிசர்ச் நிறுவனம் இதனை வெளியிட்டு வருகிறது. 11 ஆம் பதிப்பு 2017 இலும் 12 ஆம் பதிப்பு 2022 இலும் வெளியாயின. இது விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இயங்கும்.

இம்மென்பொருள் வானூர்தியின் இறக்கைகளையும் சுழலிகளையும் பல சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுகிறது. எனவே புதிய வானூர்தி ஒன்றை உருவாக்குபவர் அதன் வடிவத்தையும் எடையையும் எந்திர ஆற்றலையும் சரியாகக் கொடுத்தால், பறக்கும் இயல்பின் பெரும்பகுதியை மென்பொருளே கணித்துவிடும். வானூர்தி வடிவமைப்பதற்கான பிளேன் மேக்கர், நிலக்காட்சி அமைப்பதற்கான வேர்ல்டு எடிட்டர் ஆகிய கருவிகளை நிறுவனமே வழங்குகிறது. நீட்சிகள் பெருகியமைக்கு இவை முக்கிய காரணங்களாகும்.

வகைகளும் வைக்கவேண்டிய இடங்களும்

எக்ஸ்-பிளேனின் முதன்மைக் கோப்புறைக்குள், ஒவ்வொரு வகை நீட்சிக்கும் தனித்தனி இடம் உண்டு.

- வானூர்திகள்: 'ஏர்கிராஃப்ட்' கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் தனக்குரிய கோப்புறையுடன் வைக்கப்படும்.
- வண்ணப்பூச்சுகள்: ஒரு வானூர்திக்கு வேறொரு நிறுவனத்தின் நிறங்களை அளிப்பவை. அந்த வானூர்தியின் கோப்புறையில் உள்ள 'லிவரீஸ்' உட்கோப்புறையே இவற்றுக்குரிய இடம்.
- விமான நிலையங்களும் நிலக்காட்சிகளும்: 'கஸ்டம் சீனரி' கோப்புறைக்குள் வைக்கப்படும்.
- பொருள் நூலகங்கள்: கட்டடங்கள், வாகனங்கள், விளக்குகள் போன்றவற்றின் பொதுத் தொகுப்புகள். இவையும் 'கஸ்டம் சீனரி'க்குள்ளேயே வைக்கப்படும்.
- செருகிகள்: மென்பொருளுக்குப் புதிய செயற்பாடுகளைச் சேர்க்கும் நிரல்கள். 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் இருக்கும் 'பிளகின்ஸ்' இவற்றுக்குரிய இடம். ஒரு வானூர்திக்கு மட்டும் உரிய செருகி அந்த வானூர்தியின் கோப்புறையிலேயே இருக்கும்.

நிறுவுதல்

நீட்சிகள் பெரும்பாலும் சுருக்கப்பட்ட கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் வேறோர் இடத்தில் விரித்துப் பார்த்து, உள்ளிருக்கும் கோப்புறையை இனங்கண்ட பின்னரே உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். சுருக்கக் கோப்பை விரிக்கும்போது ஒரே பெயரில் கோப்புறைக்குள் கோப்புறை உருவாவதுண்டு. நிலக்காட்சித் தொகுதியைத் திறந்தவுடன் 'எர்த் நேவ் டேட்டா' என்னும் கோப்புறை தென்பட வேண்டும். அது மேலும் ஒரு படி உள்ளே மறைந்திருந்தால் மென்பொருள் அதனைக் காணாது. பிழைச்செய்தி எதுவும் இன்றி அந்நிலக்காட்சி தோன்றாமலே போகும். புதிதாக நிறுவுபவர்கள் மிகுதியாக எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

விண்டோஸ் இயங்குதளத்தில் 'புரோகிராம் பைல்ஸ்' கோப்புறைக்குள் எக்ஸ்-பிளேனை நிறுவுவதைத் தவிர்ப்பது நன்று. அங்கே கோப்புகளை மாற்றுவதற்கு மேலாளர் அனுமதி தேவைப்படுவதால், நீட்சிகள் தம் அமைப்புகளைச் சேமிக்க இயலாமற் போகலாம்.

நிலக்காட்சிச் சதுரங்கள்

எக்ஸ்-பிளேன் புவிப்பரப்பை ஒரு பாகை அகலாங்கும் ஒரு பாகை நெட்டாங்கும் கொண்ட சதுரங்களாகப் பிரித்துள்ளது. ஒவ்வொரு சதுரமும் தன் தென்மேற்கு மூலையின் ஆள்கூறுகளால் பெயரிடப்படும். எடுத்துக்காட்டாக, சென்னை நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ 13.08 பாகை வடக்கில் இருப்பதால் அது +13+080 என்னும் சதுரத்துள் அடங்கும். மீனம்பாக்கம் விமான நிலையமோ 13 பாகைக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, 12.99 பாகையில் இருப்பதால் +12+080 சதுரத்துக்கு உரியது. ஆகவே சென்னைக்கான வான்படத் தொகுதியாக +13+080 சதுரத்தை மட்டும் நிறுவினால், விமான நிலையத்தைச் சுற்றிய நிலம் மாறாமல் இருக்கும். இது வழு அன்று. அடுத்த சதுரமும் தேவை என்பதே பொருள்.

ஏற்றும் வரிசை

'கஸ்டம் சீனரி' கோப்புறையில் 'சீனரி பேக்ஸ்' என்னும் பட்டியல் கோப்பு ஒன்று உண்டு. இது சாதாரண உரைக் கோப்பாகும். புதிய தொகுதி ஒன்றைச் சேர்த்து மென்பொருளைத் தொடங்கினால், அதன் பெயர் பட்டியலின் உச்சியில் தானாகவே எழுதப்படும். பட்டியலில் மேலே இருப்பதற்கு முன்னுரிமை அதிகம்.

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை மேலிருந்து கீழாக வருமாறு:

1. தனியாக நிறுவிய விமான நிலையங்கள்
2. மென்பொருளுடன் வரும் பொது விமான நிலையங்கள்
3. பொருள் நூலகங்கள்
4. சாலைகள், காடுகள், கட்டடங்கள் அடங்கிய மேலடுக்குகள்
5. வான்படங்களும் நிலப்பரப்பு வலைகளும்

நூலகங்கள் எங்கிருந்தாலும் பெரும்பாலும் சிக்கல் எழாது. ஆனால் நிலப்பரப்பு வலைகள் கீழேயே இருக்க வேண்டும். ஒரு நிலப்பரப்பு வலை மேலே வந்துவிட்டால், அதே சதுரத்தில் அதற்குக் கீழே உள்ள அனைத்தையும் மென்பொருள் புறக்கணித்துவிடும். வான்படம் நிறுவிய பின் விமான நிலையக் கட்டடங்கள் மறைந்துபோவதற்குக் காரணம் இதுவே.

பட்டியல் கோப்பை நீக்கினால், அடுத்த முறை தொடங்கும்போது அது அகரவரிசைப்படி புதிதாக உருவாகும். இதனாலேயே பலர் நிலப்பரப்பு வலைகளின் கோப்புறைப் பெயரை ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தில் தொடங்குமாறு அமைக்கின்றனர். ஒரு தொகுதியை அழிக்காமல் தற்காலிகமாக நிறுத்திவைக்க, பட்டியலில் அதன் வரித் தொடக்கத்தில் உள்ள சொல்லோடு 'டிசேபிள்டு' என்பதைச் சேர்க்கும் வசதியும் உண்டு.

பதிவுக் கோப்பு

எக்ஸ்-பிளேன் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தான் செய்பவற்றை 'லாக்' என்னும் உரைக் கோப்பில் எழுதுகிறது. இது முதன்மைக் கோப்புறையில் இருக்கும். ஏற்றப்பட்ட செருகிகள், கிடைக்காத பொருட்கள், திடீர் நிறுத்தத்தின் காரணம் ஆகியவற்றை இதிலிருந்து அறியலாம். மென்பொருளை மீண்டும் தொடங்கினால் பழைய பதிவு அழிந்து புதியது எழுதப்படும். எனவே, மென்பொருள் நிலைகுலைந்து நின்றவுடன், மீண்டும் தொடங்குவதற்கு முன்னரே இக்கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தத்துக்குக் காரணமான செருகியை மென்பொருள் இனங்கண்டிருந்தால், அதன் பெயர் கோப்பின் இறுதி வரிகளில் காணப்படும்.

பொதுவான வழுக்கள்

- பொருட்கள் கிடைக்கவில்லை என்னும் செய்தி: விமான நிலையத்தை உருவாக்கியவர் பயன்படுத்திய பொருள் நூலகம் நிறுவப்படவில்லை. நீட்சியுடன் வரும் விளக்கக் கோப்பில் தேவையான நூலகங்களின் பெயர்கள் பெரும்பாலும் தரப்பட்டிருக்கும்.
- கட்டடங்கள் இரட்டையாகத் தெரிதல்: ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு தொகுதிகள் உள்ளன. ஒன்றை நிறுத்திவைக்க வேண்டும்.
- விண்டோஸில் பிழை எண் 126: செருகிக்குத் தேவையான துணைக் கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்பது பொருள். மைக்ரோசாப்ட் வழங்கும் விஷுவல் சி++ இயக்கநேரத் தொகுதியை நிறுவுவதால் இது பெரும்பாலும் தீரும்.
- மாக் கணினியில் செருகி தடுக்கப்படுதல்: இணையத்திலிருந்து பதிவிறக்கிய கோப்புகளுக்கு இயங்குதளம் ஓர் அடையாளம் இடுகிறது. கையொப்பமிடப்படாத செருகிகளை அது தடுக்கும். ஆப்பிளின் சொந்தச் செயலிகளைக் கொண்ட கணினிகளில், அவற்றுக்கெனத் தொகுக்கப்படாத பழைய செருகிகள் நேரடியாக இயங்கா.
- லினக்ஸில் படங்கள் கிடைக்காமை: லினக்ஸ், கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும். விண்டோஸில் சரியாக இயங்கும் நீட்சி இங்கே பெயர் பொருந்தாமையால் தவறலாம்.
- பழைய செருகி திரையில் எதையும் வரையாமை: 2020 இல் வெளியான 11.50 பதிப்பு வல்கன், மெட்டல் ஆகிய வரைகலை இடைமுகங்களை அறிமுகப்படுத்தியது. பழைய முறையில் வரைந்த செருகிகள் சில இதனுடன் ஒத்தியங்கவில்லை.

பாதியாகப் பிரித்துத் தேடல்

பதிவுக் கோப்பிலிருந்து காரணம் தெரியாதபோது, நீட்சிகளைப் பாதியாகப் பிரித்துத் தேடும் முறை உதவும். செருகிகளுள் பாதியைக் கோப்புறைக்கு வெளியே நகர்த்தி மென்பொருளைத் தொடங்க வேண்டும். வழு தொடர்ந்தால் அது உள்ளே எஞ்சிய பாதியிலும், மறைந்தால் வெளியே எடுத்த பாதியிலும் உள்ளது எனக் கொள்ளலாம். ஐயத்துக்குரிய பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்து இதனைத் தொடர வேண்டும். 32 செருகிகளுள் குற்றமுள்ள ஒன்றைக் கண்டறிய ஐந்து சோதனைகள் போதும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் 31 சோதனைகள் வரை தேவைப்படலாம்.

இம்முறை, வழு ஒரே நீட்சியில் உள்ளது என்ற எடுகோளின்மேல் அமைந்தது. இரண்டு நீட்சிகள் ஒன்றோடொன்று முரண்படும்போது, அவற்றைத் தனித்தனியே வைத்தால் வழு தோன்றாது. அத்தகைய நிலையில், எந்த நீட்சியைச் சேர்த்த பின் சிக்கல் தொடங்கியது என்பதே சிறந்த தடயமாகும். ஒரு நேரத்தில் ஒரு நீட்சியை மட்டும் நிறுவிச் சோதிப்பது இதனால் பரிந்துரைக்கப்படுகிறது. நிலக்காட்சிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தும்போது பொருள் நூலகங்களை அகற்றக்கூடாது; அகற்றினால் புதிய பிழைகள் தோன்றித் தேடலைக் குழப்பும்.

பாதுகாப்பும் இற்றைப்படுத்தலும்

வண்ணப்பூச்சு என்பது படங்கள் மட்டுமே. செருகியோ கணினியில் நேரடியாக இயங்கும் நிரலாகும். பயனருக்கு உள்ள அனுமதிகள் அதற்கும் உண்டு. நிறுவிக் கோப்புகளுக்கும் இது பொருந்தும். இந்த இடர் கற்பனையானதன்று. பிரிபேர் திரீடி என்னும் வேறொரு பறப்புப் பாவனை மென்பொருளுக்காக ஃபிளைட் சிம் லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஏ320 வானூர்தியின் நிறுவியில், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்று இருந்தமை 2018 பெப்ரவரியில் வெளிப்பட்டது. திருட்டுப் படியைப் பயன்படுத்துவோரைக் கண்டறியவே அது வைக்கப்பட்டது என நிறுவனம் விளக்கமளித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதனை நீக்கிப் புதிய நிறுவியை வெளியிட்டது. எனவே நீட்சிகளை அவற்றை உருவாக்கியவர் வெளியிடும் இடத்திலிருந்தே பெறுவதும், நச்சுநிரல் தடுப்பானை நிறுத்துமாறு கோரும் நிறுவிகளை ஐயத்துடன் நோக்குவதும் நன்று.

எக்ஸ்-பிளேனை இற்றைப்படுத்தும்போது, மென்பொருளுடன் வந்த கோப்புகள் சரிபார்க்கப்பட்டுப் புதியவற்றால் மாற்றப்படலாம். ஆதலால் மூலக் கோப்புகளைத் திருத்துவதைவிட, வானூர்தியைப் படியெடுத்து அப்படியில் மாற்றங்களைச் செய்வதே பாதுகாப்பானது. 'கஸ்டம் சீனரி'யின் பட்டியல் கோப்பையும் அவ்வப்போது படியெடுத்து வைத்தால், வரிசை குலைந்தாலும் சில நொடிகளில் மீட்டுவிடலாம்.