துணையில்லாமல் பெருகும் கிரேஃபிஷ்

1990-களின் நடுவில் ஜெர்மனியில் மீன்தொட்டி வைத்திருந்த சிலரைக் குழப்பியது ஒரு கிரேஃபிஷ். தொட்டியில் தனியாக விடப்பட்டிருந்தும் அது வாலடியில் முட்டைகளைச் சுமந்தது, குஞ்சுகளும் பொரிந்தன. இந்த இனத்தில் பெண் மட்டுமே உண்டு, கலப்பில்லாமலே முட்டையிடும் என்று 2003-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பொரியும் குஞ்சு ஒவ்வொன்றும் தாயின் மரபணு நகல். உடலெங்கும் பளிங்கு வரிகள் ஓடுவதால் இதற்கு மார்பிள் கிரேஃபிஷ் என்று பெயர்.

கிரேஃபிஷ் நன்னீரில் வாழும், சிங்கி இறாலுக்கு உறவு. இந்திய ஆறு குளங்களில் இயற்கையாக எந்த இனமும் கிடையாது. வளர்ப்பது கடினமில்லை. ஒளிய ஓட்டைக் குழாயோ கல் இடுக்கோ வேண்டும். இறுக்கமான மூடியும் வேண்டும். காற்றுக்குழாயைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும். செடிகளைத் தின்னும், மெதுவாக நீந்தும் மீனையும் பிடிக்கும். தாமிரம் கலந்த மீன் மருந்து இதற்கு நஞ்சு.

எனக்கு மிகவும் பிடித்தது இது தோலுரிக்கும் விதம். ஓடு வளராது, அதனால் வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு முன் ஓட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியை இரத்தத்தின் வழியே இழுத்து, இரைப்பைச் சுவரில் இரண்டு வெண்ணிற வில்லைகளாகச் சேமிக்கிறது. உரித்த பிறகு அவை கரைந்து புது ஓட்டின் சில பகுதிகளைக் கெட்டியாக்குகின்றன. மீதித் தேவைக்குத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உதவும். கழற்றிய ஓட்டையும் அதுவே தின்னும். செத்துக் கிடக்கிறது என்று எண்ணி அந்த வெற்று ஓட்டை எடுத்து எறிந்துவிடாதீர்கள். உடல் மெத்தென்றிருக்கும் அந்த நாட்களில் மற்றொரு கிரேஃபிஷ் பக்கத்தில் இருந்தால் கடித்துத் தின்றுவிடும்.

மார்பிள் கிரேஃபிஷ் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். தொட்டி நிரம்பியதும் மிச்சத்தைக் குளத்தில் விடுவது பெருங்கேடு, ஒன்று தப்பினாலே கூட்டம் உருவாகிவிடும். மடகாஸ்கரில் அது நெல்வயல் வரை பரவிவிட்டது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பனையையும் வளர்ப்பையும் தடுத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் இனப்பெருக்கத்தைத் தடுத்து, அது சாகும்வரை வைத்துக்கொள்ள விதி இடம் தந்தது. ஆனால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கும் வழக்கமான வழி இங்கே பயன்படாது. தனியாக இருப்பதும் முட்டையிடும்.