அயல்நாட்டுக் கல்வியும் வீசா இடர்களும்: தீவக மாணவரை முன்னிட்ட ஓர் ஆராய்வு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (கி. பி. 1153–1186) ஆணையொன்றைத் தாங்கி நிற்பதாகும். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டுமென்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டுமென்றும் அவ்வாணை கூறுகின்றது. வரும் மரக்கலம் உடைந்துபோமாயின் செய்யத்தக்கது யாதென்பதையும் அதுவே வகுத்து வைத்துள்ளது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலமாயின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் இருசாரார்க்கும் செம்பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையாகும். சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழிலே வெட்டுவித்தமைக்குக் காரணம், துறைக்கு வந்த வணிகர் அறிந்த மொழி அதுவாயிருந்தமையே எனக் கருதலாம். எதிர்பாரா இடர் நேரின் தனக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை, அயலான் ஒருவன் கரையிற் காலூன்றுமுன்னரே அறிந்துகொள்ள அக்கல் வழிசெய்தது.

ஊர்காவற்றுறை அமைந்த அதே வேலணைத்தீவின் கிழக்கந்தத்தில் உள்ள சிற்றூர் அல்லைப்பிட்டி. அவ்வூர் மண்ணிலிருந்து 1970களின் பிற்பகுதியிலும், மீண்டும் 2018ஆம் ஆண்டு அகழ்வின்போதும், சீனத்துச் சொங் அரசமரபுக் கால மட்கலங்கள் வெளிப்பட்டன. பரதேசிகளின் கலங்கள் வந்தணைந்த அக்கரையின் பிள்ளைகள், இன்று இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் தாமே பரதேசிகளாய் நிற்கின்றனர். அந்நாள் வணிகனுக்கு அவ்வாணைக் கல் எதுவோ, இந்நாள் மாணவனுக்கு வீசா விதிகள் அவை. வேறுபாடு ஒன்றுண்டு: இவ்விதிகள் அவனுடைய தாய்மொழியில் எழுதப்பட்டவையல்ல, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாறுபவை.

இவ்விதிகள் பழையன என்று எண்ணுதல் வேண்டா. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வாழ்ந்த காலத்தில், பாக்குநீரிணையைக் கடக்க வீசா என்ற ஒன்று வேண்டியிருக்கவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தபின்னரே அக்கடல் ஓர் எல்லையாயிற்று. பொதுநலவாய நாட்டார் பிரித்தானியாவுக்குத் தடையின்றிச் செல்லும் உரிமை 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒடுங்கியது. இலங்கையர் முன்னரே வீசா பெற்று வருதல் வேண்டுமென்ற விதியைப் பிரித்தானியா 1985இல் விதித்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் புகலிடம் தேடிய தமிழரை முன்னிட்டே அவ்விதி பிறந்தது என்பதை நினைவிற்கொள்ளல் தகும்.

மாணவர் முதற்கண் தெளியவேண்டியது, நுழைவுரிமையும் தங்குமுரிமையும் வெவ்வேறானவை என்பதே. வீசா கதவைத் திறக்கும் திறவுகோல். உள்ளே எவ்வளவு காலம், எந்நிபந்தனைகளுக்கு அமைய இருக்கலாம் என்பது வேறொன்று. அமெரிக்காவில் ஒரு மாணவரின் கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட வீசா காலாவதியானாலும், கற்கையை ஒழுங்காகத் தொடரும்வரை அவரது தங்குநிலை கெடுவதில்லை. நாட்டைவிட்டு வெளியே சென்று திரும்பும்போதே புதிய வீசா வேண்டப்படும். இந்தியாவிலோ, 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவுடன் செல்பவர், வந்திறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திற் பதிதல் வேண்டும். கையில் வீசா உண்டே என்று அதனை மறந்திருப்பவர் பின்னர் இடர்ப்படுவர்.

தீவக மாணவர்க்கு இடர்கள் பெரும்பாலும் பெயரிலே தொடங்குகின்றன. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்ற வழக்கு இல்லை. தந்தையின் பெயர் முன்னும் தன்பெயர் பின்னுமாக எழுதுதலே மரபு. வீசா விண்ணப்பமோ குடும்பப்பெயர் யாது என்று கேட்கின்றது. அவ்விடத்திலே தந்தையின் பெயரை எழுதினால், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் மாணவனைத் தந்தையின் பெயராலேயே அழைக்கும். இது நகைப்புக்கிடமான சிறு தொல்லை. ஆனால் பல்கலைக்கழகக் கடிதத்தில் ஒருமுறையும் வங்கிக் கூற்றில் மற்றொரு முறையுமாகப் பெயர் நின்றால், இருவரும் ஒருவரே என்று நிறுவும் பொறுப்பு மாணவனைச் சாரும்.

எழுத்துக்கூட்டல் இதனினும் நுண்ணியது. யாழ்ப்பாணத்தார் 'ட்ட' என்பதை ஆங்கிலத்தில் 'டீ' என்னும் எழுத்தை இரட்டித்தும் எழுதுவர், 'ரீ' என்னும் எழுத்தை இரட்டித்தும் எழுதுவர். அல்லைப்பிட்டி என்ற ஊர்ப்பெயரே இக்காரணத்தால் பலவாறாக எழுதப்படுகின்றது. ஈற்றெழுத்தும் ஒருவர்க்கு 'வை', மற்றவர்க்கு 'ஐ'. 'ஞானம்' என்று முடியும் பெயர்களும் 'ழகரம்' வரும் பெயர்களும் எவ்வளவு திரிபடையும் என்பதை ஆசிரியர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்திற் 'கயிற்ஸ்' என்ற முற்றிலும் வேறான பெயர் வழங்குகின்றது. ஓராவணத்தில் ஒன்றும் பிறிதோராவணத்தில் மற்றதும் பிறந்த இடமாகக் காணப்படின், இரண்டும் ஓரிடமே என்பதைக் கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள அலுவலர் எங்ஙனம் அறிவார்? பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கப்படுகின்றது. அவர் தம் மனம்போனபடி எழுத்துக்கூட்டி, ஏற்கெனவே உள்ள இரண்டோடு மூன்றாவது பெயரொன்றைப் படைத்தளிப்பதும் உண்டு. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதிலுள்ளவாறே பெயர்களை எழுதுமாறு கேட்டல் இதற்குப் போதிய பரிகாரம்.

க.பொ.த. சான்றிதழிற் காணப்படும் பெயர், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது பாடசாலை அனுப்பிய பெயரே. பிறப்புச் சான்றிதழோடு ஒப்புநோக்கும் வேலை அப்போது சில நிமிடங்களில் முடிவது. ஐந்தாண்டு கழித்து, பரீட்சைத் திணைக்களத்திலும் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திலும் திருத்தம் வேண்டி அலையும்போது மாதங்களை விழுங்குவது. திருத்தம் கிடைப்பதற்குக் காலம் போதாதெனின், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையிற் செய்யும் சத்தியக்கடதாசி ஒருவாறு உதவும். அதனை எல்லா நாட்டு அலுவலரும் ஏற்பர் என்று கொள்ளுதல் ஆகாது.

எழுத்து மாறியோர் நிலை இது. ஆவணமே இல்லாதோர் நிலை இன்னும் கடினம். அல்லைப்பிட்டி மக்கள் 1990ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் உயிர்பிழைத்தாற் போதுமென்று ஊரைவிட்டு வெளியேறியவர்கள். அந்நேரத்திற் சான்றிதழ்ப் பெட்டியைத் தேடியெடுத்தவர் சிலரே. இவர்கள் அறியவேண்டியது, இலங்கையிற் பிறப்புப் பதிவு இரட்டைப் பிரதியாகச் செய்யப்படுகின்றது என்பது. ஓரிடத்துப் பதிவேடு அழிந்தாலும் மற்றது எஞ்சியிருத்தல் கூடும். பிரதேச செயலகத்தின் மூலம் தேடுவித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். பதிவே அகப்படாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. ஆயினும் அத்தகைய சான்றிதழ் பெற்றோர் இன்னார் என்பதற்கு வலுவான சான்றாகாமற் போகலாம். அக்குறை எங்கே வந்து உறுத்தும் என்பது பணத்தைப் பற்றிய விதியிற் புலப்படும்.

பிரித்தானிய மாணவர் வீசாவுக்கு வேண்டிய தொகை, தொடர்ந்து 28 நாள் வங்கியிற் கிடத்தல் வேண்டும். அக்காலத்தின் இறுதிநாள் விண்ணப்ப நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் அமைதல் வேண்டும். காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் சேர்த்த பணத்திலிருந்து, பயணச்சீட்டுக்கென ஒருநாள் சிறுதொகை எடுக்கப்பட்டு மீதி குறைந்துவிட்டால், மறுநாளே திருப்பி வைத்தாலும் கணக்கு முறிந்ததாகவே கொள்ளப்படும். அன்றியும் அப்பணம் மாணவனுடைய கணக்கில், அல்லது பெற்றோர், சட்டபூர்வப் பாதுகாவலர், வாழ்க்கைத்துணை ஆகியோரின் கணக்கில் இருத்தல் வேண்டும். தாய்மாமனும் பெரியதாயாரும் தமிழ்க் குடும்பத்திற் பெற்றோர்க்கு ஒப்பானவர். கனடாவிலுள்ள தாய்மாமன் மருமகனின் படிப்புச் செலவை ஏற்றல் இங்கு இயல்பான கடமை. விதி இவ்வுறவை அறியாது. மாமனுடைய பணம் அவர் கணக்கிலேயே கிடந்தால் அது சான்றாகாது. மாணவனின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு வந்து 28 நாள் தங்கியிருத்தல் வேண்டும். பெற்றோர் கணக்காயின் அவர் பெற்றோரே என்பதைப் பிறப்புச் சான்றிதழ் காட்டவேண்டும். தந்தையின் பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பின், பெயரிலே தொடங்கிய இடர் பணத்திலும் வந்து முடிகின்றது.

இத்துணை எச்சரிக்கைக்குப் பின்னும் மறுப்பு வருதலுண்டு. மறுப்புக் கடிதம் வந்த வீட்டில் அழுகை எழும். உடனே முகவரிடம் ஓடுவர். கடிதத்தை இறுதிவரை வாசிப்பவர் அரியர். மறுத்தமைக்குக் காரணமும் அடுத்துச் செய்யத்தக்கதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர், முடிவு கிடைத்த 28 நாளுக்குள் நிருவாக மீளாய்வு கோரலாம். பிரித்தானியாவுக்குள் இருப்பவர்க்கு 14 நாள். இம்மீளாய்வை மேன்முறையீடு என்று மயங்குதல் கூடாது. கொடுத்த பத்திரங்களை அலுவலர் பிழையாக மதித்தாரா என்பது மட்டுமே ஆராயப்படும். கொடுக்க மறந்த பத்திரத்தை இப்போது சேர்த்தல் பொதுவாக இயலாது. ஆகவே பிழை அலுவலருடையதாயின் மீளாய்வு, தன்னுடையதாயின் புதிய விண்ணப்பம் என்று பிரித்துணர்தல் வேண்டும். புதிய விண்ணப்பத்துக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் சேர்க்கை உறுதி இலக்கம் மீண்டும் வேண்டும். ஒரு விண்ணப்பத்திற் பயன்பட்டது மற்றொன்றுக்கு ஆகாது. எனவே மறுப்பு வந்த அன்றே பல்கலைக்கழகத்தின் பிறநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அறிவித்து, சேரும் இறுதிநாளை நீட்டவோ அடுத்த பருவத்துக்கு மாற்றவோ கேட்டல் அவசியம். ஆறுமாதத்துக்கு மேற்பட்ட தங்கலுக்கு வேண்டப்படும் கசநோய்ச் சோதனைச் சான்றிதழும் ஆறுமாதமே செல்லும். காலம் நீளும்போது அதுவும் காலாவதியாகும்.

முகவர் பற்றி ஒருசொல். நேர்மையாளர் உளர். விண்ணப்பத்தை மாணவன் பார்க்கவும் விடாமல் நிரப்பி, வங்கிக் கூற்றைத் தாமே 'ஒழுங்குசெய்து' கொடுப்பாரும் உளர். நேர்முகத்தில், இப்பாடத்தை ஏன் தெரிந்தீர், இப்பல்கலைக்கழகத்தை ஏன் நாடினீர் என்று கேட்கும்போது மாணவன் விழித்து நிற்பதற்கு இதுவே காரணம். பொய்ப்பத்திரம் கண்டுபிடிக்கப்பட்டால் பிரித்தானியாவிற் பத்தாண்டுத் தடை விதிக்கப்படலாம். தடை மாணவன்மேல் விழும், முகவர்மேல் அன்று. முன்னர் மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் மறைப்பதும் இத்தகைய பொய்யாகவே எண்ணப்படும். மறுக்கப்பட்டமை குற்றமன்று, மறைத்தமையே குற்றம்.

மாணவன் ஒரு பிழையும் செய்யாதிருக்க, இடையில் வரும் இடர்களும் உள. 2012 ஆகஸ்டில், பிறநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை இலண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் இழந்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட மாணவர், 60 நாளுக்குள் வேறிடம் தேடவேண்டிய நிலைக்கு ஆளாயினர். வழக்குத் தொடுக்கப்பட்டபின், உண்மை மாணவர் அவ்வாண்டுக் கல்வியைத் தொடர நீதிமன்றம் இடமளித்தது. 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மாணவரின் தங்குநிலைப் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. பலர் நீதிமன்றம் சென்றனர். இடைக்காலத் தடைகள் பல பிறந்தன. ஏப்ரல் முடிவதற்குள் அரசு பதிவுகளை மீள நிறுவத் தொடங்கியது. செய்தி கேட்டவுடன் அஞ்சி நாடு திரும்பியவர்களின் நிலை, இருந்து வழக்காடியவர்களின் நிலையினும் சிக்கலாயிற்று. அத்தகைய வேளையில் முதலில் நாடத்தக்கவர் பல்கலைக்கழக அலுவலரும், குடிவரவுச் சட்டத்தில் உரிமம் பெற்ற சட்டத்தரணியுமே. ஊரவர் கூடும் கடையிற் கிடைக்கும் அறிவுரை அன்பினால் வருவது. ஆனால் பெரும்பாலும் பத்தாண்டுக்கு முந்திய விதியைப் பற்றியது.

பிரித்தானியாவிலே தங்குமுரிமை முடிவதற்கு முன் நீடிப்புக்கு விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை பழைய உரிமையோடும் பழைய நிபந்தனைகளோடும் இருக்கலாம். ஒருநாள் பிந்தியவர்க்கு இப்பாதுகாப்பு இல்லை. பட்டப்படிப்பு மாணவர் தவணைக்காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்பதும் அந்நிபந்தனைகளுள் ஒன்று. எரிபொருள் நிலையத்தில் இரவுவேலை செய்து ஊரிலுள்ள ஈட்டை மீட்க முயலும் மாணவர் தவறிவிழும் இடமும் இதுவே. நீடிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் ஒருவர் பிரித்தானியாவை விட்டு வெளியேறினால், அவர் அதனைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். அல்லைப்பிட்டியில் தந்தை இறந்தார் என்ற செய்தி அவ்வேளையில் வருமாயின், கொள்ளிவைக்க வரும் மகன் தன் விண்ணப்பத்தை இழந்தே விமானம் ஏறவேண்டும். திரும்பிச்செல்ல விரும்பின், புதிய சேர்க்கை உறுதி இலக்கமும் 28 நாள் வங்கியிற் கிடந்த பணமும் காட்டிக் கொழும்பிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.