விடிகாலையில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள்

பிப்ரவரி முகாம் முடிவதற்குள் கோழிக்கழிச்சல் ஊசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று போன வாரம் நாலு வரி எழுதினோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழிச்சலைப் பற்றியவை அல்ல. குன்றத்தூர், மாங்காடு, படப்பை, ஒரகடம் என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி ஒன்றேதான்: “கோழிக்குக் கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி வீங்கிக் கிடக்கிறது. முகாமில் ஊசி போட்டால் வற்றிவிடுமா?”

வற்றாது. அந்த ஊசி வெள்ளைக் கழிச்சல் வராமல் தடுப்பதற்கு. வந்த நோயைக்கூட அது தீர்க்காது, வீக்கத்தை எப்படித் தீர்க்கும்? ஏற்கெனவே துவண்டு கிடக்கும் கோழிக்கு அதைப் போடவும் கூடாது. இன்னொரு வாசகர் இந்தக் கழிச்சலை ‘ராணிப்பேட்டை நோய்’ என்று எழுதியிருக்கிறார். நோயின் பெயர் ராணிக்கெட். அது இமயத்துக் குமாவூன் மலையூர். 1920களின் கடைசியில் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். நம் ராணிப்பேட்டையில் இருப்பது 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். அங்கே தயாராவது நோய்க்கான தடுப்பு மருந்து. பாவம், பேர் ஒத்துப்போனதில் ஊருக்குக் கெட்ட பெயர்.

குழப்பம் முழுக்க வாசகர் தவறும் இல்லை. கழிச்சல் கண்ட கோழிக்கும் கழுத்துக்குக் கீழே இருக்கும் இரைப்பையில் தண்ணீர் கட்டும். ஆனால் கழிச்சல் ஒரு கோழியோடு நிற்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து முறுக்கும், இரண்டே நாளில் கூண்டு காலியாகும். கூண்டில் ஒரே ஒரு கோழி மட்டும் மார்பில் உருண்டையோடு ஒதுங்கி நின்றால் இரைப்பையைச் சந்தேகிக்கலாம்.

இந்த இரைப்பையின் வேலைதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உணவுக்குழாயே ஒரு பக்கம் புடைத்து உண்டான பை அது. அங்கே செரிமானம் பெரிதாக நடப்பதில்லை. தீனி ஊறும், காத்திருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக்கூட அது தீர்மானிப்பதில்லை. கீழே இருக்கும் அரைவைப்பை தீர்மானிக்கிறது. அரைவைப்பை காலியாக இருந்தால் கோழி விழுங்குவது இரைப்பையில் தங்காமல் நேரே கீழே போய்விடும். அது நிரம்பியிருந்தால்தான் மேலே பையில் சேரத் தொடங்கும். அரைத்து முடிக்க முடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

சாயங்காலம் அடையப்போகும் முன் கோழி ஏன் அவ்வளவு அவசரமாகக் கொத்துகிறது என்பதும் இதில் புரியும். முட்டையின் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவு. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். இருட்டில் கோழி மேயாது. ஆகவே சாயங்காலமே கிளிஞ்சல் துண்டும் தீனியும் பையில் ஏற்றிக்கொண்டு, ராத்திரி முழுக்க இறக்கிக்கொள்கிறது. விடியும்போது பை காலியாக இருக்க வேண்டும்.

அடைப்பு விஷயத்தில் நாம் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். வீக்கம் மேலே தெரிகிறது, கோளாறு பல சமயம் கீழே இருக்கிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் போகும் வழி அடைபட்டால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று குன்றத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கும் இடத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அரைவைப்பையில் அடைப்பு இருக்கும்போது இரைப்பையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

அரைவைப்பை ஏன் நிற்கிறது? கோழிக்குப் பல் கிடையாது. பொடிக்கல் விழுங்கி, அதை வைத்துத்தான் அரைக்கிறது. மண் தரையில் மேயும் கோழிக்கு இது தானாகக் கிடைக்கும். இப்போது நம் பக்கத்தில் மண் தரை எங்கே இருக்கிறது? ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்று அதிகாரிகள் எழுதும்போது, தானே மேய்ந்து தானே வளரும், செலவில்லாத கோழி என்று பொருள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பும் நாட்டில் புறக்கடைக் கோழிகள் சுமார் 31.7 கோடி, முந்தைய 2012 கணக்கைவிட ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம் என்று பெருமையாகச் சொன்னது. கோழியை எண்ணினார்கள், புறக்கடையை எண்ணவில்லை. தொழிற்பேட்டை வந்தபின் மனை துண்டாகி, வாடகை வீடு ஏறி, மிச்ச இடத்தில் பேவர் பிளாக் பதித்தாயிற்று. கோழி கொத்துவதற்குக் கல் இல்லை. இருப்பது தெர்மாகோல் உருண்டை, பாக்கிங் பட்டையின் நுனி, சாக்கு நூல், தேங்காய் நார். தெர்மாகோலைக் கண்டால் கோழி விடவே விடாது, வளர்த்தவர்களுக்குத் தெரியும். நீளப் புல்லும் நாரும் நூலும் பைக்குள் திரிந்து கயிறாகிவிடும். செலவில்லாத தீனி என்றால் இதுதான் போலிருக்கிறது.

சோதனை எளிது. சந்தேகப்பட்ட கோழியை ராத்திரி தனியாகக் கூடையால் மூடிவையுங்கள். தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். விடிந்ததும் எதுவும் போடாமல் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் பிரச்சினை இல்லை, நேற்று நீங்கள் பார்த்தது வயிறார மேய்ந்த கோழியை. பிசைந்த மாவு போலவோ கல் போலவோ கட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளும்பி, வாயில் புளித்த மாவு வாடை அடித்தால் புளிப்பு. நிறைந்தாலும் குறைந்தாலும் பை தொங்கியபடியே இருந்தால் தசை தளர்ந்துவிட்டது. அது பழையபடி ஆவது கடினம்.

அடைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் துளி எண்ணெயும் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, விரல் நுனியால் மெதுவாகப் பிசையலாம். ஒரு நாள் தீனியை நிறுத்தி, இதையே நாலைந்து முறை செய்யலாம். மறுநாளும் கட்டி அசையவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

தலைகீழாகப் பிடித்துக் கக்கவைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா அப்படித்தான் செய்தார். “பித்தத் தண்ணி எல்லாம் கொட்டிடுச்சுப்பா” என்று அவர் சொல்லி முடிக்கும் முன் கோழி செத்துவிட்டது. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. கொட்டியதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போயிருக்கும்.

புளிப்பு வேறு கதை. நல்ல இரைப்பையில் தயிரைப் புளிக்கவைக்கும் வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. அவை உண்டாக்கும் அமிலம் கெட்ட கிருமிகளை அடக்கிவைக்கும். தீனி இறங்காமல் தேங்கினால், அல்லது அந்த நல்ல கிருமிகள் செத்தால், கேண்டிடா என்ற பூஞ்சை பெருகிவிடும். பையின் உள்தோல் தடித்து வெளுத்து, தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி ஆகிவிடும். நல்ல கிருமிகளைக் கொல்வது பெரும்பாலும் நாம்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துக் குடிதண்ணீரில் போடுகிறோம். பூஞ்சைக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, பூஞ்சையின் எதிரிகளை மட்டும் காலி செய்யும். கோழி இன்னும் வாடும், நாம் இன்னொரு மாத்திரை உடைப்போம். வேண்டியது நிஸ்டாடின் போன்ற பூஞ்சை மருந்து, அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். கேன்டீன் மிச்சச் சோற்றை மறுநாள் வரை வைத்திருந்து போடுகிறவர்கள் அதையும் நிறுத்த வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

தயிர் கொடுக்கலாமா? ஒரு ஸ்பூன் கெடுதல் இல்லை, அதையே மருந்தென்று நம்ப வேண்டாம்.

பாட்டி காலத்தில் இரைப்பையைக் கிழித்துக் கழுவி, ஊசிநூலால் தைத்து, மஞ்சள் பூசினார்களே? செய்தார்கள், பல கோழிகள் பிழைத்தும் இருக்கின்றன. இன்று அதே அறுவையை மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் செய்வார், பிளேடை நீங்கள் எடுக்காதீர்கள்.

அடைப்பு மற்ற கோழிக்கு ஒட்டுமா? ஒட்டாது.

முட்டையைச் சாப்பிடலாமா? மருந்து கொடுக்காதவரை சாப்பிடலாம், கொடுத்தால் எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழைத்தால் வண்டி வருமா? மாட்டுக்கு வரும், ஒற்றைக் கோழிக்கு நீங்களே பக்கத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது நல்லது, அறுவை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

வளர்ப்புப் பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் போகச் சொன்னார்களே? அது பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் அல்ல, பொத்தேரி பக்கம். பஸ் ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேவர் பிளாக் வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? ஒரு கொட்டாங்குச்சியில் அரிசி அளவுப் பொடிக்கல், இன்னொன்றில் நொறுக்கிய கிளிஞ்சல், எப்போதும்.

முகாமுக்கு எப்போது கொண்டுபோவது? விடிகாலையில், கூண்டைத் திறக்கும் முன். பிடிப்பதும் எளிது, அப்படியே ஒவ்வொன்றின் இரைப்பையையும் தடவிவிடலாம். கட்டி தட்டுப்படுகிற கோழியைக் கூண்டிலேயே விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டுபோங்கள்.