தொழிலாளியின் ‘ஹை டீ’: ஈரானி ஓட்டலில் மதிய சாப்பாடு

சோறு இல்லாமல் மதிய சாப்பாடா? ஊரிலிருந்து மும்பைக்குப் புதிதாக வந்து சேரும் தமிழர் முதலில் இப்படித்தான் கேட்பார்.

சில மாதங்கள் போகட்டும். அவரே பகல் 1 மணிக்குத் தெருமுனைக் கடைக்குள் நுழைந்து, “ஏக் கீமா பாவ், ஏக் சாய்” என்று குரல் கொடுப்பார். பசியும் அடங்கி விடும், பணமும் மிச்சமாகும். இந்த மாநகரம் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் அதுவும் ஒன்று.

அந்தத் தெருமுனைக் கடைதான் ஈரானி ஓட்டல். பல தலைமுறைகளாக மும்பைத் தொழிலாளியின் வயிற்றைக் காத்து வந்த இந்தக் கடைகள், இப்போது ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

பெயர் யாருக்குச் சொந்தம்?

நட்சத்திர ஓட்டல்களில் “ஹை டீ” என்று ஒரு விருந்து உண்டு. வெள்ளித் தட்டில் சாண்ட்விச், கேக், பிஸ்கட், கூடவே டீ. 1903-ல் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஓட்டலில் கடலைப் பார்த்தபடி இதைச் சாப்பிடலாம். ஆனால் பில் வரும்போது, ஒருவருக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டி விடும்.

வேடிக்கை என்னவென்றால், ஹை டீ என்பது பணக்காரர்களின் விருந்தே அல்ல! இங்கிலாந்தில் சீமான்களும் சீமாட்டிகளும் பிற்பகலில் தாழ்ந்த மேஜையின் முன் அமர்ந்து, பெயருக்குக் கொஞ்சம் கொறித்து டீ குடித்தார்கள். அதற்குப் பெயர் “பிற்பகல் டீ”.

ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களுக்கு அது எப்படிப் போதும்? அவர்கள் மாலையில் பசியோடு வீடு திரும்பி, ரொட்டி, இறைச்சி, முட்டை ஆகியவற்றை டீயோடு சேர்த்து வயிறாரச் சாப்பிட்டார்கள். அதுதான் “ஹை டீ”. உயரமான சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

அப்படிப் பார்த்தால், மும்பையின் உண்மையான ஹை டீ ஈரானி ஓட்டலில்தான் இருக்கிறது.

முனைக் கடையின் கதை

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஈரான் நாட்டின் யாஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து ஜொராஸ்டிர மதத்தினர் பலர் பம்பாய்க்கு வந்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து குஜராத்தில் குடியேறிய பார்சிகளும் அதே மதத்தவர்தான். ஆனால் பின்னால் வந்தவர்களை “ஈரானி” என்றே ஊர் அழைத்தது. ஈரானிலிருந்து வந்த முஸ்லிம்கள் சிலரும் இந்தத் தொழிலில் இறங்கினார்கள்.

தெருமுனையில் உள்ள இடம் வியாபாரத்துக்கு ராசியில்லை என்று உள்ளூர் வியாபாரிகள் பலர் ஒதுக்கினார்களாம். ஈரானிகள் அதையே கேட்டு வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர்களுக்கு அதனால் லாபமே ஏற்பட்டது. இரண்டு தெருக்களிலும் வாசல். இரண்டு பக்கமும் வெளிச்சம். இரண்டு பக்கமிருந்தும் வாடிக்கையாளர்கள்!

உள்ளே சலவைக்கல் பதித்த மேஜை, வளைந்த மரத்தில் செய்த நாற்காலி, சுவரில் பெரிய கண்ணாடி, கல்லாப் பக்கத்தில் பிஸ்கட் ஜாடிகள், மேலே ஜரதுஷ்டிரரின் படம். இதுதான் ஈரானி ஓட்டலின் அடையாளம்.

“இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே” என்று நீளமான எச்சரிக்கைப் பலகையும் சில கடைகளில் தொங்கும். தோபி தலாவில் இருந்த பஸ்தானி ஓட்டலின் பலகையைப் பார்த்து, கவிஞர் நிஸிம் எசக்கியல் ஆங்கிலத்தில் ஒரு கவிதையே எழுதி விட்டார். அந்த ஓட்டல் இப்போது இல்லை.

தண்ணீர் குறைந்த டீ

ஈரானி டீயின் ருசிக்குக் காரணம் அதைத் தயாரிக்கும் முறை. டிகாஷனைத் தனியாகக் காய்ச்சுவார்கள். பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சுவார்கள். கேட்கும்போது இரண்டையும் கோப்பையில் கலந்து தருவார்கள்.

டீ கெட்டியாக வேண்டுமானால் “பானி கம்” என்று சொல்ல வேண்டும். “தண்ணீர் குறைவு” என்று பொருள். சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்றால் “கடா சம்மச்” என்பார்கள். போட்ட கரண்டி சாயாமல் நிற்கும் அளவுக்குச் சர்க்கரை என்று அதற்கு விளக்கம்!

டீயோடு வெண்ணெய் தடவிய “பன் மஸ்கா” வரும். மேலோடு முறுகலாக இருக்கும் “புருன்” ரொட்டியை டீயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அப்படியே கடித்தால் பல்லுக்குத்தான் ஆபத்து.

மதியப் பசிக்கு கொத்துக்கறியும் பாவும், ஆம்லெட்டும் பாவும், முட்டையைக் கிளறிச் செய்யும் “அக்கூரி”யும் உண்டு. முடிவில் பால்கோவா சேர்த்த “மாவா கேக்”. பாவு ரொட்டி போர்த்துகீசியர் வழியாக வந்தது. அதன் பெயரும் அவர்கள் மொழிச் சொல்தான்.

எல்லோருக்கும் நாற்காலி

சோறு வேண்டிய தமிழர்களுக்கு மாதுங்கா இருந்தது. அங்கே 1942-ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி சாப்பாட்டு விடுதி இன்றும் புகழ் பெற்றது. ஆனால் கோட்டைப் பகுதியிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், மதிய இடைவேளையில் மாதுங்காவுக்கா ஓட முடியும்? பக்கத்தில் இருந்த ஈரானி ஓட்டல்தான் கைகொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாராவிக்குப் பிழைக்க வந்தவர்களில் திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏராளம். தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகள் பலவற்றில் அவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். உட்கார பெஞ்சு கிடையாது.

ஈரானி ஓட்டல் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. ஆசாரம் பார்த்தவர்கள்தான் ஒதுங்கிப் போனார்கள். காலியாக இருந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எதிரே குமாஸ்தா இருப்பார். பக்கத்தில் டாக்சி டிரைவர் இருப்பார். எல்லோருக்கும் ஒரே விலை. ஊரில் நின்றுகொண்டே குடித்தவருக்கு, அந்த நாற்காலியின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

ஏன் மூடுகிறார்கள்?

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த ஈரானி ஓட்டல்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே. இதற்குக் காரணங்கள் பல.

1982 ஜனவரி 18-ந் தேதி பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்ட அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பரேல், லால்பாக் பகுதிகளில் ஷிப்டு முடிந்து கூட்டமாக டீ குடிக்க வந்தவர்கள் இல்லாமல் போனார்கள்.

கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய் விட்டார்கள். விடியுமுன் எழுந்து கடை திறக்க ஆள் இல்லை. தெருமுனை இடத்துக்கோ மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறவரை நம்பி, அந்த இடத்தை யார் விட்டு வைப்பார்கள்? பல கடைகள் பீர் பார்களாகவும், துரித உணவுக் கடைகளாகவும் மாறி விட்டன.

ரொட்டி அடுப்புக்கும் சோதனை வந்திருக்கிறது. காற்று மாசைக் குறைப்பதற்காக, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நல்ல காற்று எல்லோருக்கும் வேண்டியதுதான். ஆனால் அடுப்பை மாற்றும் செலவு சிறிய பேக்கரிகளுக்குப் பெரும் சுமை.

எங்கே போகலாம்?

மெட்ரோ சினிமாவுக்கு அருகே, 1904-ல் தொடங்கிய கயானி ஓட்டல் இருக்கிறது. பன் மஸ்காவும் மாவா கேக்கும் சாப்பிட அங்கே போகலாம்.

பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-ல் தொடங்கிய பிரிட்டானியா, மதிய சாப்பாட்டுக்குப் பெயர் போனது. ஈரானில் விளையும் புளிப்பான சிவப்புப் பழங்களைத் தூவிய “பெர்ரி புலாவ்” அதன் சிறப்பு. முதுமையிலும் மேஜை மேஜையாகச் சென்று வாடிக்கையாளர்களை உபசரித்த போமன் கோஹினூர், 2019-ல் 97-ம் வயதில் காலமானார்.

கொலாபாவில் 1871-ல் தொடங்கிய லியோபோல்டு, 2008 நவம்பர் 26-ந் தேதி பயங்கரவாதிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. சில நாட்களிலேயே கதவைத் திறந்தார்கள். இப்போது அங்கே வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டமே அதிகம்.

டீ எங்கும் கிடைக்கும். ரோட்டோரத்தில் நின்றபடி இரண்டு வாயில் குடித்து விட்டுப் போகலாம். ஆனால் சட்டைப் பையில் சில்லறை மட்டுமே உள்ளவரையும் உட்கார வைத்து, ரொட்டியும் டீயும் கொடுத்து, அவசரப்படுத்தாமல் அனுப்பி வைக்கும் இடங்கள் குறைந்து வருகின்றன. எஞ்சியிருக்கும் கடைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. மதிய நேரத்தில் போய், ஒரு கீமா பாவும் “பானி கம்” டீயும் சாப்பிட்டு விட்டு வருவதே அவற்றுக்குச் செய்யும் உதவி.