காது நிமிர்ந்த முயல்

1957-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் சில முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். நம் நாட்டு வைத்தியத்தில் சித்தம் கலங்கியவர்களுக்குக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த மருந்து அது. முயல்கள் காது தொங்கிப்போய், போட்ட இடத்திலேயே கிடந்தன. அடுத்து எல்-டோப்பா ஊசி. கொஞ்ச நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து நடமாடின.

உடலுக்குள் போன எல்-டோப்பா மூளையில் டோபமைனாக மாறுகிறது. அதுவரை டோபமைனை வேறொரு ரசாயனம் தயாராகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருளாகவே கருதினார்கள். அதற்கென்று தனி வேலை உண்டு என்று காட்டிய கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்-டோப்பாவும் நமக்கு அந்நியமானதல்ல. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். முயலைச் சாய்த்த பொருள், எழுப்பிய பொருள் இரண்டுமே நம் மண்ணின் செடிகளில் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் டோபமைன் சுரப்பவை சில லட்சம்தான். பெரும்பாலும் நடுமூளையில், சின்ன இடத்தில் குவிந்திருக்கின்றன. ஆனால் ஒரு மதகிலிருந்து பல வாய்க்கால் பிரிவதுபோல அவற்றின் கிளைகள் வெகுதூரம் போகின்றன. ஒரு வாய்க்கால் கைகால் அசைவுக்கு. ஒன்று நாட்டத்துக்கும் ஊக்கத்துக்கும். இன்னொன்று நெற்றிக்குப் பின்னால், திட்டமிடும் பகுதிக்கு. அசைவுக்கான அணுக்கள் அழிந்தால் வருவது பார்க்கின்சன் நோய்.

டோபமைன் ஓர் இன்ப ரசாயனம் என்று எங்கும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் அணுக்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அணு படபடவென்று துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தது. சாறு வந்தபோது சும்மா இருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராத அன்று, வர வேண்டிய அதே நொடியில் அணு அடங்கிப்போனது. ஆக, நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது கணக்குப் பார்க்கிறது. மாதச் சம்பளத்தை விட, பழைய சட்டைப்பையில் அகப்பட்ட 100 ரூபாய் நம்மைத் துள்ள வைப்பது இதனால்தான். ‘இதைக் கவனி, இதில் ஏதோ இருக்கிறது’ என்று மூளை போடும் அடிக்கோடு அது.

காரணமே இல்லாமல் அந்த அடிக்கோடு விழுந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. எதிர் மாடியில் ஒருவர் துணியை உதறுகிறார். நமக்கு இவை ஒன்றுமில்லை. மனச்சிதைவு தொடங்கும் ஒருவருக்கோ ஒவ்வொன்றும் தன்னைக் குறிவைத்து நடப்பதாகப்படுகிறது. ஏன் மூன்று? நான் ஜன்னலுக்கு வந்ததும் ஏன் உதறினார்? பதில் கிடைக்காமல் மனம் தவிக்கிறது. கடைசியில் ஒரு கதை கிடைக்கிறது: ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்.’ மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் தந்த விளக்கம் ஏறக்குறைய இதுதான். நோயாளிகள் பலரின் மூளையில் டோபமைன் அளவுக்கு மீறித் தயாராவதை ஸ்கேன்களும் காட்டியுள்ளன. வீட்டார் இதைப் பிடிவாதம் என்றும் நடிப்பு என்றும் திட்டும்போது என் மனம் பதைக்கிறது. அவர் உணரும் அந்த அழுத்தம் நிஜம், பிசகியது அடிக்கோடு.

1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்து மனநோயாளிகளை அமைதிப்படுத்தியபோது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. இத்தகைய மருந்துகள் டி2 என்னும் டோபமைன் ஏற்பியை அடைக்கின்றன என்பது 1970-களில் உறுதியானது. ஆனால் மருந்துக்கு வாய்க்கால் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அசைவுக்கான வாய்க்காலையும் சேர்த்து அடைத்தால் கை நடுங்கும், உடல் விறைக்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். தலைகீழாக, பார்க்கின்சனுக்கு எல்-டோப்பா சாப்பிடும் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. மனச்சிதைவு மாத்திரையைப் பலர் நிறுத்திவிடுவதற்கு, முன்னே சொன்ன விறைப்பும் ஒரு காரணம். அதைச் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தானாக நிறுத்தினால் நோய் திரும்பி வரும் அபாயம் அதிகம்.

மனச்சிதைவுக்கு டோபமைன் மட்டுமே முழுக் காரணமும் அல்ல. பேச்சு குறைந்து, ஆர்வம் வற்றி ஒதுங்கிப்போகும் நிலைக்கு இந்த மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. சந்தேகமும் ஒரே நாளில் மறையாது. ஏற்பி சில மணி நேரத்தில் அடைபட்டுவிடும். மனம் கட்டிய கதை கலைய வாரங்கள் ஆகும். முதலில் விசில் சத்தம் உறுத்தாமல் போகிறது. ‘அவர்கள் பார்க்கிறார்கள்தான், ஆனால் அதைப் பற்றி இப்போது அவ்வளவாக நினைப்பதில்லை’ என்கிற நிலை வருகிறது. பிறகு ஒருநாள் ஜன்னல் திரை விலகியே கிடக்கிறது.