கடல் இல்லாத ஊரில் துறைமுகம்

ஏழாம் வகுப்பில் தென் அமெரிக்கா பாடம். வரைபடத்தில் பிரேசிலின் மனௌஸ் நகரைக் காட்டி, "இது துறைமுக நகரம்" என்றேன். ஒரு மாணவி எழுந்து, "கடல் எங்கேயோ இருக்கே, இங்கே எப்படி டீச்சர் துறைமுகம்?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியே நடத்தியது.

மனௌஸ் அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. உள்ளே, நீக்ரோ ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஆற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிடச் சில பத்து மீட்டரே உயரம். சரிவு குறைவு, ஆழம் அதிகம், வழியில் அருவி இல்லை. அதனால் கடற்கப்பல்களே அங்கு வந்து சேர்கின்றன.

நகருக்கு அருகே நீக்ரோ ஆறு சோலிமோயிஸ் ஆற்றைச் சந்திக்கிறது. மட்கிய இலைகளின் சாறு கலந்த நீக்ரோ, தேயிலை டிக்காஷன் நிறம். ஆண்டிஸ் மலை வண்டலைச் சுமந்துவரும் சோலிமோயிஸ், பால் கலந்த தேநீர் நிறம். வேகம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றும் வேறுபடுவதால் இரண்டும் உடனே கலக்காமல் சுமார் 6 கி.மீ. வரை அருகருகே ஓடுகின்றன. இரு கண்ணாடி டம்ளர்களில் டிக்காஷனையும் தேநீரையும் காட்டினேன், வகுப்புக்குப் புரிந்துவிட்டது.

ஆற்றின் மட்டம் ஆண்டுக்குள் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அதனால்தான் அங்கே நீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும் மிதக்கும் துறையை அமைத்தார்கள்.

1669-இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையில் தொடங்கிய ஊரைச் செல்வத்தில் மிதக்கவிட்டது ரப்பர். 1896-இல் இத்தாலியப் பளிங்கு பதித்த இசை நாடக அரங்கம் திறக்கப்பட்டது. "மரத்தில் பால் வெட்டினவங்க அங்கே போய்ப் பாட்டுக் கேட்டிருப்பாங்களா?" என்றான் ஒரு மாணவன். அவர்களில் பலர் முதலாளியிடம் வாங்கிய கடனிலிருந்து மீளாமல் காட்டிலேயே கிடந்தவர்கள் என்றேன். வகுப்பு அமைதியானது.

1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின்னர் மலாயாவுக்கும் போயின. அமேசானில் மரங்களை நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் தாக்கும். ஆசியாவில் அந்த நோய் இல்லை. 1910-களில் ஆசியத் தோட்ட ரப்பர் சந்தையைப் பிடித்தது. மனௌஸ் சரிந்தது. 1967-இல் சுங்கச் சலுகை மண்டலமாக ஆன பிறகே தொழிற்சாலைகள் வந்து, நகரம் மீண்டும் எழுந்தது.

விதை சென்ற பாதையை வரைபடத்தில் நூலால் இணைக்கச் சொன்னேன். நூல் மலாயாவைத் தொட்டதும், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி, "எங்க பாட்டியோட அப்பா மலாயாவுல பால்மரத் தோட்டத்துலதான் வேலை பார்த்தாராம்" என்றாள்.

நகரங்களின் பெயரைச் சொல்லி, புள்ளி வைக்கச் சொல்லி வந்தவள் நான். இப்போது, "இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது? யார் உழைப்பில் வளர்ந்தது?" என்ற இரண்டு கேள்விகளோடுதான் வரைபடத்தை விரிக்கிறேன்.